எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மார்பகத் தொந்தரவுகளுடன் வரும் பெண்களிடம், மருத்துவர் பார்ப்பதற்கு முன் விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. வலி என்று வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததும் கேட்பது, "அடையாறுக்குப் போகச் சொல்லிடுவாங்களா சிஸ்டர்?" என்பதுதான். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருப்பதால், நோயின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்கள் இடத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

கட்டியோ தோல் மாற்றமோ இல்லாமல் வலி மட்டும் இருக்கும்போது, அதற்குப் புற்றுநோய் காரணமாக இருப்பது மிக அரிது. இதைச் சொன்னால் முகம் தெளியும் என்று நினைப்போம், பெரும்பாலும் தெளிவதில்லை. "ஒன்றுமில்லை" என்று முன்பே ஓரிடத்தில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், வலி மட்டும் அப்படியே இருந்திருக்கும். ஒன்றுமில்லை என்பது சிகிச்சை ஆகாது என்பது என் கருத்து. இன்ன காரணத்தால் வலிக்கிறது என்று விளங்கச் சொன்னால், மருந்தே இல்லாமல் பெரும்பாலோருக்கு வலி தாங்கக்கூடியதாகிவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உதவும் முதல் கருவி வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். பால்காரர் வராத நாளைக் குறித்துவைக்கும் அதே கட்டங்களில், வலித்த நாளுக்கு ஒரு கோடும், அதிகம் வலித்த நாளுக்கு இரண்டு கோடுகளும், மாதவிடாய் தொடங்கிய நாளுக்கு ஒரு வட்டமும் போடச் சொல்கிறேன். இரண்டு மூன்று மாதத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் விரித்தால், பலருக்குக் கோடுகள் வட்டத்துக்கு முந்தைய ஒரு வாரத்தில் நெருங்கி நின்று, வட்டம் வந்ததும் மறைந்திருக்கும். சினைமுட்டை வெளியேறிய பிறகு ஏற்படும் ஹார்மோன் மாற்றங்களால் மார்பகத் திசு நீர்கோத்துக் கனப்பதே இந்த வலி. பெரும்பாலும் இரு பக்கமும், மேற்புற வெளிப்பகுதியில் தொடங்கி அக்குள்வரை இழுக்கும். அந்தத் தாளைப் பார்க்கும்போது, நான் விளக்கத் தொடங்குமுன்பே சிலர் தாங்களாகவே புரிந்துகொள்கிறார்கள்.

கல்லூரிப் பெண்களோடு தாய்மார் வந்தால் வேலை சற்றுக் கடினம். கேள்வி மகளுக்கு, பதில் தாயிடமிருந்து வரும். கருவுற்ற தொடக்க வாரங்களிலும் மார்பகம் வலிக்கும் என்பதால் கடைசி மாதவிடாய்த் தேதியைத் தெளிவாகக் கேட்டாக வேண்டும். எனவே சீட்டில் முத்திரை வைத்துவரும்படி தாயை அனுப்பிவிட்டுக் கேட்பேன். இந்தச் சிறு தந்திரத்துக்காக நான் வருந்தியதில்லை.

மாதவிடாயோடு தொடர்பே இல்லாத வலியும் உண்டு. வடசென்னையிலிருந்து வரும் சில பெண்கள் ஒரு விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். மருத்துவர் அவர்களை ஒருக்களித்துப் படுக்கவைப்பார். மார்பகம் சரிந்து விலகியதும், விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தை அழுத்தினால் "அதேதான்" என்பார்கள். தண்ணீர் லாரியிலிருந்து குடங்களைத் தூக்கி மாடியேறுகிறவர்களுக்கு விலாவில் வரும் வலி அது, மார்பகத்துக்குச் சம்பந்தமில்லை. பளு குறைந்தால் குறையும். நாற்பதைக் கடந்தவர் இடது பக்கம் அழுத்துகிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் காலண்டர் பேச்சுக்கே இடமில்லை, நேராக இசிஜி எடுக்க அனுப்பிவிடுகிறோம்.

சிகிச்சை எளிமையானது. அளவு சரியாக அமைந்து நன்றாகத் தாங்கும் உள்ளாடை முதலாவது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிற பெண்களுக்கு இதுவே போதுமானதாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் வலி குறைய மேலே தடவும் டைக்ளோஃபினாக் களிம்பு. மாதக்கணக்கில் காசு செலவழித்து விழுங்கும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைகள், ஆய்வுகளில் வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. காபியை நிறுத்தச் சொல்வதற்கும் வலுவான ஆதாரம் இல்லாததால், காலைக் காபியை நான் யாரிடமிருந்தும் பறிப்பதில்லை. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வலி நீடித்தால் மருத்துவர் ஆர்மெலாக்சிஃபீன் எழுதுவதுண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கருத்தடைக்காக உருவாக்கிய மருந்து இது. அரசு மையங்களில் 'சாயா' என்ற பெயரில் கிடைப்பதும் இதுவே. மாதவிடாய் தள்ளிப்போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் புதியதொரு பயத்தைக் கொடுத்து அனுப்பியதாகும். குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு இது கூடாது.

எப்படிப்பட்ட வலியாக இருந்தாலும் மருத்துவர் கையால் பரிசோதிக்காமல் விடுவதில்லை. ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ கட்டி தட்டுப்பட்டாலோ, இளவயதினருக்கு ஸ்கேனும் நாற்பதை ஒட்டியவர்களுக்கு மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் எடுக்கப்படும்.

எனக்குக் கவலை தருகிறவர்கள் வலியோடு வருகிறவர்கள் அல்லர். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததைக் காட்ட யாரும் வரிசையில் நிற்பதில்லை. மகள் கல்யாணம் முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆகவே துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடமும் அத்தையிடமும், கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா, முலைக்காம்பில் இரத்தம் கசிகிறதா, தோல் உள்ளிழுத்திருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். அப்படிக் கேட்டதால் அன்றைக்கே தனக்கும் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் உண்டு.