ஆறு பேர் டேபிள், முதல் தொகை 5,500 ரூபாய்

என் போக்கர் நோட்டில் கடைசி வரி 2025 ஆகஸ்ட் 20 அன்று எழுதியது. ஆட்டம் எண் 2,846. நுழைவு 220, இரண்டாம் இடம், நுழைவு போக வரவு 200. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்யும் மசோதா அன்றைக்குத்தான் மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

யாரையும் ஆட அழைக்க இதை எழுதவில்லை. இனி அதற்கு வழியும் இல்லை. மூன்றரை வருஷம் ஒரே ஒரு வகை ஆட்டத்தை மட்டும், எண்ணி வைத்த ஒரு தொகைக்குள் ஆடினேன். அந்தக் கணக்கை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

2020 ஊரடங்கில் எல்லோரையும்போல நானும் போனில் போக்கர் கற்றுக்கொண்டேன். கையில் கிடைத்ததை எல்லாம் ஆடினேன். எந்த நேரமும் பணத்தைப் போட்டு உட்கார்ந்து எழுந்துபோகும் கேஷ் கேமில் 9,400 போனது. நாலு கார்டு வைத்து ஆடும் ஒமாஹா என்ற போக்கர் வகையில் 5,200. ஞாயிற்றுக்கிழமை டூர்னமென்ட்டுகளில் 3,900. ஏழு மாதத்தில் 18,500 ரூபாய். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். அடுத்தவர் கடையின் பேரேட்டில் பத்து ரூபாய் இடித்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்து தேடுவேன். என் சொந்தப் பணம் எதில் எவ்வளவு போனது என்பதை வங்கி மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கூட்ட முடிந்தது.

அந்த நவம்பரில் தமிழக அரசின் அவசரச் சட்டம் வந்து ஆன்லைன் ரம்மி, போக்கர் எல்லாம் நின்றது. அன்று ராத்திரி மனைவியிடம் தொகையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் படுத்திருந்த அப்பாதான் எழுந்து வந்து கேட்டார்:

“இதுல முதல் எவ்ளோ, வீட்டுப் பணம் எவ்ளோடா?”

என்னிடம் பதில் இல்லை. அப்பா பெரம்பூரில் 31 வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவருடைய கல்லாப்பெட்டியில் மூன்று அறைகள் இருக்கும். ஒன்று சில்லறை. ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது கொத்தவால்சாவடிக்குப் போய்ச் சரக்கு எடுக்கிற பணம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம்கூட அந்த மூன்றாவது அறையைத் தொடாமல் வெளியில் கடன் வாங்கினார். சின்ன வயதில் அது எனக்குக் கல்நெஞ்சமாகத் தெரிந்தது. முதல் கரைந்தால் அடுத்த மாதம் கடையும் இல்லை, கடனை அடைக்க வழியும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

போக்கரில் பேங்க்ரோல் என்று சொல்வது இதைத்தான். வேறு எதுவும் இல்லை.

2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நான் உடனே ஓடவில்லை. 2022 ஜனவரியில்தான் மறுபடி தொடங்கினேன். தீபாவளி போனஸிலிருந்து 5,500 ரூபாயைத் தனியாக எடுத்து, மனைவி பார்க்க ஒரு நீள நோட்டு போட்டேன்.

“இது போயிட்டா?” என்று கேட்டாள்.

“போயிட்டா அத்தோட நிறுத்திடறேன்” என்றேன். நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

எடுத்துக்கொண்ட ஆட்டம் ஆறு பேர் சிட் அண்ட் கோ. ஆறு இருக்கையும் நிறைந்தவுடன் தொடங்கும், அரை மணி நேரத்தில் முடியும். நுழைவு 110 ரூபாய். அதில் 100 பரிசுத் தொகைக்கு, 10 இணையதளத்துக்கு. சேர்கிற 600 ரூபாயில் முதலிடத்துக்கு 390, இரண்டாமிடத்துக்கு 210, மற்ற நாலு பேருக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஒரு ஆட்டத்தில் 110க்கு மேல் போகாது. கேஷ் கேமில் தோற்ற கையோடு இன்னொரு ஆயிரம் போடலாம், என்னை 2020இல் கவிழ்த்தது அதுதான். மகள் தூங்கிய பிறகு பத்து மணியிலிருந்து நாலு ஆட்டம், இரண்டிரண்டு டேபிளாக. பெரம்பூரிலிருந்து மூர் மார்க்கெட் போகிற ரயிலில் ஆடலாமே என்று தோன்றும். இருபது நிமிஷப் பயணத்தில் அரை மணி ஆட்டத்தைத் தொடங்குவது பணத்தைத் தண்டவாளத்தில் போடுவதற்குச் சமம். ரயிலில் கணக்கு மட்டும் போடுவேன்.

5,500 என்பது ஐம்பது நுழைவு. அதாவது ஒரு ஆட்டத்துக்கு முதல் தொகையில் இரண்டு சதவீதம். கிறிஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2006இல் கையில் ஒரு டாலர்கூட இல்லாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கிப் பத்தாயிரம் டாலர் வரை ஏற்றிக் காட்டினார். சிட் அண்ட் கோவுக்கு முதல் தொகையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் வைப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. எனக்கு அவருடைய கை கிடையாது, அதனால் இரண்டு. முதல் தொகை 11,000 ஆனால் 220 ரூபாய் டேபிளுக்கு ஏறலாம். 7,700க்கு இறங்கினால் மறுபேச்சு இல்லாமல் 110க்குத் திரும்ப வேண்டும். இந்த இறங்குகிற விதிதான் கசக்கும். மூன்று முறை ஏறினேன், இரண்டு முறை இறங்கினேன். இறங்கிய இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐம்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ரயிலில் போட்ட கணக்கைக் காட்டுவேன். பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கம்தான், சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு. இந்தப் பரிசுப் பங்கீட்டில் ஒரு ஆட்டத்தின் திட்ட விலக்கம் 150 ரூபாய் சொச்சம். ஒருவர் நன்றாக ஆடி, போட்ட பணத்தில் ஐந்து சதவீதம் லாபம் பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டத்தில் அவருக்கு வர வேண்டியது 550 ரூபாய், ஏற்ற இறக்கமோ 1,500. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதை வைத்து அவருடைய திறமையைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. ஆயிரம் ஆட்டம் போனால் வர வேண்டியது 5,500, ஏற்ற இறக்கம் 4,800 பக்கம். அப்போதும் அதே திறமையுள்ள எட்டுப் பேரில் ஒருவர் நஷ்டத்தில்தான் நிற்பார். ஆயிரம் ஆட்டம்! இந்தக் கணக்கு வந்த அன்று பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றிருந்தது, நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஒரே ஆட்டத்தை ஆட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 2020இல் மூன்று வகையிலும் சேர்த்து நான் ஆடியதைப் பிரித்தால் எதிலுமே முந்நூறு நானூறுக்கு மேல் தேறாது. நான் மோசமாக ஆடினேனா, கார்டு வரவில்லையா என்று எனக்கே தெரிய வழியில்லை. தெரியாததால் எதையும் திருத்தவில்லை, ஆட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒமாஹாவில் கற்றது சிட் அண்ட் கோவுக்கு உதவாது. சிப்ஸ் என்பது ஆட்டத்தில் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை, பிக் பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் கார்டு பார்க்கும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம். நூறு பிக் பிளைண்ட் சிப்ஸோடு உட்காரும் கேஷ் கேமும், கடைசியில் பத்து பிளைண்டோடு மூச்சுப் பிடிக்கும் சிட் அண்ட் கோவும் வேறு வேறு தொழில்கள்.

சிட் அண்ட் கோவின் உயிர் மூன்று பேர் மிஞ்சும் கட்டத்தில் இருக்கிறது. பபிள் என்பார்கள். அதில் நான் செலவழித்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. ஆளுக்கு 1,500 சிப்ஸோடு தொடங்கினோம், இப்போது மூவரிடமும் சரியாக 3,000 என்று வையுங்கள். ஒவ்வொருவருடைய இடமும் 200 ரூபாய் பெறும், 600ஐ மூன்றாகப் பிரித்தால் அதுதானே. எதிராளி ஆல்-இன் போகிறார், அதாவது கையிலுள்ள எல்லாச் சிப்ஸையும் வைக்கிறார். நான் கால் செய்து, அதாவது அதே அளவு வைத்து, ஜெயித்தால் என்னிடம் 6,000 சிப்ஸ். இரண்டாமிடத்தின் 210 உறுதி, அதற்கு மேல் மிச்சமிருக்கும் 180இல் மூன்றில் இரண்டு பங்கு, ஆக 330. சிப்ஸ் இரண்டு மடங்காகிவிட்டது, பணம் 400 ஆகவில்லை. தோற்றால் சைபர். ஆகவே பிளைண்டை விட்டுப் பார்த்தால், 330 கிடைப்பதற்காக 200ஐப் பணயம் வைக்க நூற்றுக்கு 61 வாய்ப்பாவது வேண்டும்.

என்னிடம் ஏழு ஜோடி, அவரிடம் ஏஸ்-கிங் என்றால் என் வாய்ப்பு ஏறக்குறைய 55. கேஷ் கேமில் கண்ணை மூடிக்கொண்டு கால். இங்கே அவர் கார்டைத் திறந்து காட்டினாலும், நான் ‘முன்னால்’ இருந்தாலும், ஃபோல்ட், கார்டைக் கவிழ்த்துவிட வேண்டும். இதை ஒரு வரியாகப் படித்தால் தலையாட்டிவிடலாம். இரண்டு ஏழு கையில் இருக்கும்போது விரல் கேட்பதற்கு எனக்குச் சுமார் 400 ஆட்டம் ஆனது. அது பழகியதும் மறுபக்கம் தெரிந்தது: எனக்குக் கால் செய்வது இவ்வளவு கஷ்டமென்றால் அவர்களுக்கும் அப்படித்தான். அதனால் ஆல்-இன் போகிறவனாக நானே இருக்க வேண்டும். என் லாபத்தில் பெரும்பங்கு அந்த ஒரு விஷயத்தில் வந்தது என்று நம்புகிறேன்.

2022 ஜூன் முதல் செப்டம்பர் வரை 260 ஆட்டத்தில் 3,490 ரூபாய் போனது. 8,120இல் இருந்த முதல் 4,630க்கு வந்தது. தொடங்கிய இடத்துக்கும் கீழே. தினமும் ராத்திரி கேஷ் கேம் பட்டனைப் பார்ப்பேன். அங்கே போனால் ஒரே ராத்திரியில் எடுத்துவிடலாம் என்று தோன்றும். காப்பாற்றியது நோட்டின் ஐந்தாவது பத்திதான். ஆல்-இன் ஆகும்போது யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று அதில் குறிப்பேன். அந்த 260 ஆட்டத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நான் முன்னால் இருந்து தோற்றவை. ஆனால் நாற்பத்துச் சொச்சம் என் தப்பு. பெரும்பாலும் பபிளில் செய்த கால்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த நாற்பதைத் திருத்தினேன், மற்றதை விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் இன்னொரு கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவர் இருந்தார். என்னைவிட நன்றாக ஆடுவார், நிச்சயமாகச் சொல்வேன். “அண்ணே, நோட்டெல்லாம் எதுக்கு, தலையிலயே இருக்கு” என்பார். சம்பளம் வந்த அன்று பெரிய டேபிள், பத்தாம் தேதி சின்ன டேபிள், இருபதாம் தேதி என்னிடம் கைமாற்று. மனைவியின் நகை அடகுக்குப் போனது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார். நோட்டு போடச் சொல்லி அவரிடம் நான் சண்டையாவது போட்டிருக்க வேண்டும். தடை வந்தபோது எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் வரவில்லை என்றால் அவர்தான் காரணம்.

திறமை மட்டும் போதாது என்பதற்கு ஸ்டூ அங்கரைவிட வேறு ஆள் வேண்டாம். ஜின் ரம்மியில் அவரோடு உட்காரவே ஆள் கிடைக்காது. 1980, 1981, 1997 என மூன்று முறை உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியை ஜெயித்தவர். 1997இல் 10 லட்சம் டாலர் பரிசு, ஆனால் நுழைவுக் கட்டணத்தை வேறொருவர் கட்டியிருந்ததால் பாதி கட்டியவருக்குப் போனது. அடுத்த வருஷம் நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மோட்டல் அறையில் 45 வயதில் இறந்து கிடந்தார். கையிருப்பு சுமார் 800 டாலர். போதைப் பழக்கமும் இருந்தது. குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் விட்டது கொஞ்சமல்ல. அவர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் மூன்றாவது அறை ஞாபகம் வரும்.

2023 அக்டோபரில், தளத்தில் போடுகிற பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. நூறு ரூபாய் போட்டால் 22 ரூபாய் வரிக்கே போகும் கணக்கு. 2022 ஜனவரிக்குப் பிறகு நான் ஒரு ரூபாய்கூடப் போடாததால் அது என்னைத் தொடவில்லை. நிகர லாபத்தில் 30 சதவீத வரி தொட்டது. பணத்தை எடுக்காவிட்டாலும் மார்ச் 31 அன்று பிடிப்பார்கள். அதனால் 2023 ஏப்ரலிலிருந்து நோட்டில் வரிக்கு முன், வரிக்குப் பின் என இரண்டு இருப்பு எழுதி, இரண்டாவதை வைத்துத்தான் டேபிள் ஏறினேன்.

அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை, வாசலில் முழங்கால் தண்ணீர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கிய 190 ஆட்டங்களில் மட்டும் 2,780 ரூபாய் நஷ்டம். 190 ஆட்டம் கம்மிதான், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே என் கையெழுத்தில் ‘தூக்கம்’, ‘கோபம்’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்குப் போனை அணைத்தேன். 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்று தமிழகத்தில் விதி வந்தபோது எனக்கு எதுவும் மாறவில்லை.

முடிவுக் கணக்கு இது. 110 ரூபாயில் 1,630 ஆட்டம், 220இல் 1,216. மொத்த நுழைவு 4,46,820. லாபம் 16,950. நூறு ரூபாய்க்கு 3 ரூபாய் 79 காசு, வரிக்கு முன். ஆடிய நேரத்தை வைத்து வகுத்தால் மணிக்கு இருபத்து நாலு ரூபாய் பக்கம். போட்ட 5,500ம் சேர்த்து, வரி போக 17,200 சொச்சம் செப்டம்பரில் வங்கிக்கு வந்தது. நோட்டை மனைவியிடம் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தாள். அதன் கீழே தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் போட்டாள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு கொளத்தூரில் மச்சான் வீட்டில் ஆறு பேர் உட்காருகிறோம். காசு கிடையாது, ஆளுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. போன முறை மூன்று பேர் மிஞ்சியபோது மச்சான் எல்லாக் கொட்டையையும் தள்ளினார். மனைவி இரண்டு எட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள், பிறகு கார்டைக் கவிழ்த்தாள். ஏன் என்று மச்சான் கேட்டதற்கு, “அறுபத்தொண்ணு வேணும்ல?” என்றாள்.