பதினோரு வருஷம் கழித்து மறுபடி லைனுக்கு

2013 ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தகவல் வந்தபோது நான் ஹைதராபாத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். ஊர் வந்து சேர இரண்டு நாளானது. அதற்குப் பிறகு லாரிச் சாவியைத் தொடவில்லை. ராசிபுரம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். அதில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்டு வருஷங்கள் போயின. 2022-இல் அப்பா தவறினார். அடுத்த கோடையில் போர் வற்றியது. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். 2024 தை முடிந்ததும் மறுபடி லைனுக்கு, அதாவது வெளிமாநில லாரி ஓட்டத்துக்குப் போவதென்று முடிவெடுத்தேன். வயது நாற்பத்தெட்டு. இதே நிலையில் இருக்கிற இரண்டு மூன்று பேர் எப்படிப் போனீங்க என்று கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் அடி லைசென்ஸில் விழுந்தது. 2016-இல் பைக்குக்காகப் புதுப்பித்தபோது 2026 வரை போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தேதிதான் மனதில் நின்றது. அட்டையில் இரண்டு தேதி இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒருவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன். பைக், காருக்கு ஒன்று; டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒன்று. லாரி ஓட்டுவதற்கான என் ஹெவி லைசென்ஸ் 2014-லேயே காலாவதி ஆகியிருந்தது. அப்போது டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். 2019 செப்டம்பரில் சட்டம் மாறிய பிறகு ஐந்து வருஷம். அதே திருத்தத்தில் இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் காலாவதியாகி ஐந்து வருஷம் வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். இப்போது ஒரு வருஷம் தாண்டினாலே மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற டிரைவர்கள் இன்றைக்கே அட்டையை எடுத்து அந்த இரண்டாவது தேதியைப் பாருங்கள்.

டிரான்ஸ்போர்ட்டுக்கு டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். கண், காது, சிவப்பு பச்சை வித்தியாசம் தெரிகிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். 25 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும். படித்துவிட்டேன். ஆனால் பிரஷர் கூடுதலாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த டாக்டரை நன்றியோடு நினைக்கிறேன்.

டெஸ்டுக்கு டிரைவிங் ஸ்கூல் வண்டிதான். பேருக்கு ஓட்டினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று வேறு இடம் போய், பணம் கட்டிப் பத்து நாள் காலையில் ஓட்டினேன். முதல் நாளே கிளட்சும் கியரும் காலுக்கும் கைக்கும் வந்துவிட்டன. வராதது பின்பக்கம். வளைவில் பின் சக்கரம் எங்கே வருகிறது என்ற கணக்கு போய்விட்டிருந்தது. ரிவர்ஸில் இரண்டு முறை கம்பை இடித்தேன். அந்தக் கணக்கு திரும்பி வர எட்டு நாள் பிடித்தது. டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

வண்டி கிடைப்பதில் கஷ்டம் இல்லை. நாமக்கல்லில் டிரைவர் இல்லாமல் நிற்கிற வண்டிகள் எவ்வளவோ. பழைய பழக்கத்தில் ஒரு ஓனரைப் போய்ப் பார்த்தேன். "வண்டி தர்றேனுங்க தம்பி. முதல் நடைக்கு மட்டும் நம்ம பையன் ஒருத்தன் கூட வரட்டும். அவன்தான் மெயின், நீங்க செகண்டு. படிப் பணம் குறைச்சலாத்தான் வரும், பரவால்லீங்களா?" என்றார். பதினாறு வருஷம் ஓட்டியவன் என்கிற எண்ணம் தொண்டை வரை வந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டேன். இந்த மொத்த விஷயத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர், முழுக்க 44-ஆம் நம்பர் ரோடு. மகாராஷ்டிராவில் விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சமைப்பார்கள். பத்து வருஷம் நான் பிடுங்கி மில்லுக்கு அனுப்பிய கிழங்கு ஜவ்வரிசியாகிப் போன வழியில் நானும் போகிறேன் என்று நினைத்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

வண்டி பத்து சக்கரம். நான் விட்டபோது மொத்த எடை 25 டன், 2018-இலிருந்து 28.5 டன். அந்த மூன்றரை டன் பிரேக் போடும்போது தெரிகிறது. டீசல் டேங்க் பக்கத்தில் இன்னொரு சின்ன டேங்க். புகையைச் சுத்தப்படுத்த அதில் ஊற்றும் திரவத்தை நம் ஆட்கள் யூரியா என்கிறார்கள். அது தீர்ந்தால் போர்டில் விளக்கு எரியும், கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவை குறைந்துவிடும். டோல்கேட்டில் சில்லறை எண்ணும் வேலை போய் ஃபாஸ்டேக் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் செக்போஸ்ட்டில் விடிய விடிய வரிசை நிற்பதும் இல்லை. பதிலுக்கு ஈ-வே பில், சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. கிளம்பும்போதே அதன் கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும்.

பழகாதது ராத்திரி. பதினோரு வருஷம் பத்து மணிக்குப் படுத்த உடம்பு. அனந்தப்பூர் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டியரிங்கை வாங்கினேன். எதிரே வருகிற வண்டிகளின் எல்.இ.டி. வெளிச்சம் முன்பு நாங்கள் பார்த்த மஞ்சள் வெளிச்சம் மாதிரி இல்லை. கடந்து போன பிறகும் சில நொடி ரோடே தெரியவில்லை. மூன்றரை மணி இருக்கும். கண் திறந்துதான் இருந்தது, வண்டியும் நேராகத்தான் போனது. ஆனால் கடைசியாக எந்த ஊர் போர்டைப் பார்த்தேன் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. எத்தனை கிலோமீட்டர் அப்படி வந்தேனோ. கை நடுங்கியது. அடுத்த பங்க்கில் ஒதுக்கி நிறுத்தி, தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிச் சொன்னேன்.

முப்பது வயதுகூட ஆகாத பையன். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "சொன்னீங்களே ண்ணா, அது போதும். படுங்க, விடிஞ்சு போலாம்" என்றான். படுத்தேன், தூக்கம் வரவில்லை. தனியாக வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். லோடு நேரத்துக்குப் போக வேண்டும், முதல் நடையிலேயே பேர் கெடக்கூடாது என்று ஓட்டியிருப்பேன். அதுதான் உண்மை. அப்போது அமலில் இருந்த 1961-ஆம் வருஷத்துச் சட்டம் டிரைவருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றும் சொன்னது. லைனில் அதைக் கேட்க யாரும் இல்லை, நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றையிலிருந்து இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே நான் ஓட்டுவதில்லை.

திரும்பி வரும்போது ஆதிலாபாத்தில் பஞ்சு பேல் ஏற்றினோம். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம் வந்தபோது நான்தான் ஓட்டினேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுத்தான் வருவோம், டீசல் மிச்சமாகும் என்று. அன்றைக்கும் கை தானாகக் கியர் ராடுக்குப் போனது. "ண்ணா, கியர்லயே வாங்க" என்றான். கீழே இறங்கிய பிறகு விளக்கினான். இப்போதைய இன்ஜினில் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். நாங்கள் மிச்சம் என்று நினைத்தது இந்த வண்டியில் மிச்சமே இல்லை. இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பாரமெல்லாம் பிரேக்கில் விழுந்து, டிரம் சூடேறி, பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதால்தான் அங்கே இத்தனை உயிர் போயிருக்கிறது. என்னோடு ஓட்டிய ஒருவரும் அதில் போனார். கியரைக் குறைத்து, இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் போகவிட்டு மெதுவாக இறங்கினேன். கீழே வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை.

பஞ்சை மில்லில் இறக்கிவிட்டு நாமக்கல் வந்தோம். ஓனர் டிரிப் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அப்புறமென்னங்க தம்பி, அடுத்த நடை தனியா போயிட்டு வந்துருவீங்களா?" என்றார். பையன் சும்மா நின்றான். அந்த ராத்திரியைப் பற்றி அவன் சொல்லியிருக்கவில்லை.

நானே சொன்னேன். சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு நடை இவனோடயே போறேனுங்க. பாதிப் படியே போதும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் சேலத்தில் லோடு இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றார்.