செவ்வாய்ப்பேட்டை வீடும் மூன்று மேஸ்திரிகளும்

வாடகைக்கு விடும் எண்ணத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முதன்முதலாக வாங்கிய பழைய வீட்டைச் சீரமைக்க, மூன்று மேஸ்திரிகளை அழைத்து மதிப்பீடு கேட்டேன். முதலாமவர் வாசலில் நின்றபடியே, சதுரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். சதுரம் என்பது 100 சதுர அடித் தரைப்பரப்பு. புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு, பூச்சு உதிர்ந்த சுவர்களுக்கு உதவாது. 10க்கு 12 அடி அறையின் தரை 120 சதுர அடிதான் என்றாலும், 10 அடி உயரமுள்ள நான்கு சுவர்களையும் சேர்த்தால், கதவு சன்னலைக் கழிப்பதற்கு முன், 440 சதுர அடிப் பூச்சு வேலை இருக்கிறது.

இரண்டாமவரும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாமவர் எதுவும் பேசாமல் சமையலறைச் சுவரைச் சாவிக்கொத்தால் தட்டிக்கொண்டே போய், பூச்சு சுவரைவிட்டு விலகி 'டொப்'பென்று ஒலித்த இடங்களிலெல்லாம் கரித்துண்டால் வட்டமிட்டார். கூலி, பொருள், இடிபாட்டை அள்ளும் வண்டி வாடகை என்று தனித்தனியே எழுதித் தந்தவரும் அவர் ஒருவரே. மற்ற இருவரின் கணக்கில் இடிபாடு காற்றில் கரைந்துவிடும் போலிருக்கிறது!

தொகை கூடுதல்தான். ஆயினும், அவர் முன்பு அம்மாப்பேட்டையில் முடித்துக்கொடுத்த ஒரு குளியலறையின் பின்சுவர் ஈரமின்றி இருந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.