தாத்தாவின் குத்தகை நோட்டைக் கணினியில் ஏற்றியது

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் குத்தகை நோட்டுகள் கிடந்தன. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. மிச்சமிருப்பதையாவது டைப் செய்து வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சாதாரண வரிகளுக்குப் பிரச்சினையே இல்லை. விண்டோஸ் 10-இல் நிர்மலா யுஐ எழுத்துரு கூடவே வருகிறது. எக்ஸ்பி காலம் மாதிரி சிடியைப் போட்டுத் தமிழைத் தனியாக ஏற்ற வேண்டியதில்லை. வருடத்துக்கான ௵, மேற்படிக்கான ௸ கூடச் சரியாக விழுந்தன.

அளவைக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. நிலத்தை அளக்கும் மா, கால் என்ற பின்னம், நெல் அளக்கும் குறுணி, பதக்கு எதையும் தாத்தா எழுத்தால் எழுதுவதில்லை, எல்லாம் குறிதான். காலுக்கு வகரம் மாதிரி ஒன்று. அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "இது பதக்குடா, ரெண்டு மரக்கா. அது மா. இருபது மா ஒரு வேலி" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். படிக்க ஆள் கிடைத்தாயிற்று, அடிக்கத்தான் வழி தெரியவில்லை.

தேடியதில், எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் ஒதுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் இந்தக் குறிகளுக்கு 2019-லேயே, 12.0 பதிப்பில், தனி இடம் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. தமிழ் சப்ளிமென்ட் என்று பெயர், மொத்தம் 51 குறிகள். முந்திரி என்கிற முந்நூற்று இருபதில் ஒரு பங்கிலிருந்து முக்கால் வரை பின்னங்கள் இருக்கின்றன. குழி, வேலி, நன்செய், புன்செய்க்கும் குறி உண்டு. ஆனால் என் கணினியில் எல்லாம் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. எண் ஒதுக்கினால் மட்டும் போதாது, அந்த எண்ணுக்கு உருவம் வரைந்த எழுத்துருவும் கணினியில் இருக்க வேண்டும்.

நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவை இலவசமாக இறக்கி, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தேன். நான் டைப் செய்யும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளை மூடித் திறந்து, குறியின் யூனிகோடு எண்ணை அடித்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் 'மா' வந்து நின்றது. தாத்தா கையெழுத்தில் இருந்த அதே வளைவு. அத்தை திரையைத் தொட்டே பார்த்துவிட்டார். அடிக்கடி வரும் குறிகளை ஒரு தனிக் கோப்பில் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு காப்பி பேஸ்ட்தான்.

சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பியபோது அங்கே மறுபடி கட்டம். பிடிஎஃப்-ஆக மாற்றினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடுகிறது. அப்படி அனுப்பியதும் தெரிந்தது. ஆனால் இந்த எழுத்துரு கணினியோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் என் கட்சி. டெல்டாவில் எத்தனையோ வீட்டுப் பரணில் இதே கணக்கு மக்கிக்கொண்டிருக்கிறது.

வேதாரண்யம் பக்கத்தில் பழைய உப்பளக் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க: உப்பளத்துக்கும் இதே தொகுதியில் ஒரு குறி இருக்கிறது.