தானாக நொறுங்கும் டஃபன்ட் கண்ணாடி: பொருத்துவதற்கு முன்பே கேட்க வேண்டியது

சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து வலுவூட்டிய டஃபன்ட் கண்ணாடி யாரும் தொடாதபோது வெடித்துச் சிதறினால், பெரும்பாலானோர் வெயிலின் மேலோ பொருத்தியவரின் மேலோ பழி போடுகிறார்கள். பல நேரங்களில் காரணம், கண்ணாடி உருகிய உலையிலேயே அதற்குள் சிக்கிக்கொண்ட நிக்கல் சல்பைடு (நிக்கலும் கந்தகமும் சேர்ந்த சேர்மம்) துகள்தான்.

ஏறத்தாழ 620 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கிய கண்ணாடியின் மீது காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்விப்பதால், அதன் மேற்பரப்பு அமுக்கவிசையிலும் உட்பகுதி இழுவிசையிலும் நின்றுவிடுகின்றன. நிக்கல் சல்பைடு 379 டிகிரிக்குக் கீழே வேறொரு படிக வடிவத்துக்கு மாற வேண்டும். ஆனால் அந்த வேகக் குளிர்விப்பில் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே அந்த மாற்றம் பிறகு, அறை வெப்பத்தில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. அப்போது துகளின் பருமன் 2 முதல் 4 சதவீதம் வரை கூடுகிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் துகள் இழுவிசைப் பகுதியில் இருந்தால், கண்ணாடி முழுவதும் நொறுங்க அதுவே போதும். உடைந்த சில்லுகள் சட்டத்தில் தங்கியிருந்தால், உடைப்பு தொடங்கிய இடத்தில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள்போல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டி நிற்பதையும், அவை சேரும் விளிம்பில் ஒரு கரும்புள்ளி இருப்பதையும் பார்க்கலாம். காரணத்தை உறுதிசெய்ய உதவும் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள்.

இதைத் தடுக்க ஹீட் சோக் சோதனைதான் முதன்மையான வழி என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடியை மீண்டும் சூடாக்கி, அந்த மாற்றத்தை ஆலையிலேயே முடுக்கிவிட்டால், உடையக்கூடியவை அங்கேயே உடைந்துவிடும். ஐரோப்பியத் தரமான இஎன் 14179, 2016 திருத்தத்தின்படி, சுமார் 260 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கச் சொல்கிறது. இந்த நேரத்தை அடுப்புக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைக் கொண்டு கணக்கிடக் கூடாது. எல்லாக் கண்ணாடிகளும் அந்த வெப்பத்தை எட்டிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். எனவே வெறும் சான்றிதழோடு நிறைவடையாமல், வெப்பநிலைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

விளிம்புக் காயத்தால் வரும் உடைப்பை இந்தச் சோதனையால் தடுக்க முடியாது. வெட்டுதல், துளையிடல், விளிம்பைத் தேய்த்தல் யாவும் டஃபன் செய்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பொருத்தும்போது கண்ணாடி உலோகத்தையோ திருகையோ நேரடியாகத் தொடாதபடி ரப்பர் வைக்க வேண்டும்.

சோதனைக்குப் பிறகும் சிறு அபாயம் மிஞ்சுகிறது. ஆகையால் தலைக்கு மேல் வரும் கூரைக்கும் உயரமான கைப்பிடிச் சுவருக்கும் லேமினேட் செய்த, அதாவது இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியையே தேர்ந்தெடுங்கள். உடைந்தாலும் சில்லுகளை நடுவிலுள்ள படலம் பிடித்துக்கொள்ளும்.