சுகர் உண்டு, பிரஷர் உண்டு, வேறொன்றும் இல்லை

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் நெய்யாற்றின்கரை தாண்டும்வரை மகன் வாய் திறக்கவில்லை. பாலராமபுரம் நெருங்கும்போது, "டாக்டர்கிட்ட நீங்களே பேசுங்கப்பா" என்றான். அவ்வளவுதான். வயது பத்தொன்பது, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலிலிருந்து வந்து ஒன்றரை மாதமாகக் கட்டிலே கதி. குளி என்றால் குளிப்பான், சொல்லாவிட்டால் அதுவும் இல்லை.

டாக்டர் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அது ஒரு சிரமமே இல்லை. குடும்பத்தில் சுகர் உண்டா? உண்டு. எனக்கு, அப்பாவுக்கு, அத்தைக்கு, பெரியப்பாவுக்குக் காலில் ஒரு விரலையே எடுத்தார்கள் என்பதுவரை சொன்னேன். பிரஷர்? அதுவும் உண்டு. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

"மனசினு சுகமில்லாத்தவர் ஆரெங்கிலும்? ஆத்மஹத்ய?" மனநோய் உள்ளவர்கள் யாராவது உண்டா, தற்கொலை உண்டா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட மன்னிக்கலாம். யோசிக்கவே இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வாய் பழகிய பதில் அது.

1998-இல் என் தம்பி போனான். அவனுக்கு இருபத்திரண்டு. அதற்கு முந்தைய வருஷம் மூன்று மாதம் அவன் தூங்கினதாகவே எனக்கு நினைவில்லை. ராத்திரி பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு கமுகுக்கெல்லாம் நல்லமிளகுக் கொடி ஏற்றினான். வாசிக்கத் தெரியாமலே கடன் வாங்கி ஒரு ஆர்மோனியம் வாங்கினான். ஊருக்கெல்லாம் சிரிப்பு. அப்புறம் ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் எழவே இல்லை. பாறசாலைப் பக்கம் ஒரு பெண், காதல் தோல்வி என்று நாங்களே ஒரு கதையைக் கட்டிக்கொண்டோம். போலீஸ் தாளில் 'தீராத வயிற்றுவலி'. அவனுக்கு வயிற்றுவலி வந்து நான் பார்த்ததே இல்லை. படத்தைக் கழற்றி அம்மா பெட்டிக்குள் வைத்தாள். அவன் பேச்சை எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் எடுக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு அவன் வண்டி மோதிச் செத்த சித்தப்பா.

டாக்டர் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினார். இந்த வயதில் முதல் சில வாரம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், நடவடிக்கை மாறினால் உடனே கூப்பிடுங்கள் என்றார். மூன்றாவது வாரம் மகன் எழுந்தான். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாலாவது வாரம் அவன் தூங்கவில்லை. என் ரப்பர் ஷீட் கடைக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, இதை ஏற்றுமதிக் கம்பெனியாக்குவது எப்படி என்று விடியவிடியப் பேசினான். பேச்சில் புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை. போனில் பன்னிரண்டாயிரத்துக்கு ஏதேதோ ஆர்டர் போட்டிருந்தான்.

அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனப் போலயே இருக்கான்" என்றாள். யாரைப்போல என்று நான் கேட்கவில்லை. அவளே தொடர்ந்தாள்: "எனக்க அண்ணனும் இப்பிடித்தான். ஊளம்பாறையில ஆறு மாசம் கெடந்தான். ஒனக்க அப்பனுக்கே தெரியாது."

ஊளம்பாறை திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு அது அப்படி. 1956-இல் கன்யாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எல்லை மாறியது, வசவு மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரையாவது கேலி செய்ய "நீ ஊளம்பாறை கேஸுலே" என்று நானே கத்தியிருக்கிறேன். அந்த ஊளம்பாறையில் என் சொந்தத் தாய்மாமன் இருந்திருக்கிறார். கல்யாணம் தட்டிப்போகும் என்று அம்மா வீட்டில் மறைத்தார்கள். அம்மா ஐம்பது வருஷம் மறைத்தாள். நானும் மறைத்தேன்.

மறுநாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கட்டமும் வட்டமுமாக வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. மாமன் கட்டத்தைப் பேனாவால் நிரப்பினார். தம்பி கட்டத்தை நிரப்பிக் கோடும் போட்டார். பிறகு என் மகன் கட்டம். அம்மாவின் வட்டமும் என் கட்டமும் வெறுமையாக இருந்தன.

"அப்ப நான்தான் குடுத்தேனா?" என்றாள் அம்மா.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒருகோடியில் அடங்காத வேகம், மறுகோடியில் சோர்வு என்று இழுக்கிற இந்த இருதுருவ நோய் (பைபோலார்) ஒரே மரபணுவால் வருவதில்லை, பல மரபணுக்கள் துளித்துளியாகச் சேர்ந்து வருவது. ரத்தத்தைச் சோதித்து இவனுக்கு வரும், அவனுக்கு வராது என்று சொல்ல முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால்கூடப் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்குப் பத்துபோல, மீதி பேருக்கு வராது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. ஆனால் குடும்பத்தில் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்திருக்க மாட்டேன் என்றார். இந்த நோய் உள்ளவர்களை அது சிலசமயம் மறுகோடிக்குத் தூக்கிவிடுமாம். என் 'இல்ல டாக்டர்' செய்த வேலை அதுதான்.

எனக்கு விளங்கியது ரப்பரை வைத்துத்தான். எங்கள் தோட்டம் முழுக்க ஆர்ஆர்ஐஐ 105 என்கிற ரப்பர் ரகம். எல்லாம் ஒரே ஒட்டு, ஒரே ரத்தம் என்றே சொல்லலாம். பால் நன்றாகத் தரும், ஆனால் பட்டமரப்பு வருகிற ரகம் என்பது வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றுவிடும். அதற்காக எல்லா மரமும் நிற்பதில்லை. ஓய்வு கொடுக்காமல் தினமும் கத்தி வைத்த மரம்தான் முதலில் நிற்கும். ரகம் தெரிந்தவன் இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் வெட்டுவான். தூக்கமில்லாத ஹாஸ்டலும் அரியர் பேப்பரும் மகனுக்கு தினவெட்டு.

அதன் பிறகு ராத்திரிகளில் போனில் தேடித்தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்று ஒரு கூட்டத்தார். கார், கரண்டு வேண்டாம் என்று குதிரைவண்டியில் போகிறவர்கள். அவர்களுக்குள் நூறு வருஷத்தில் நடந்த தற்கொலைகளை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 26 பேர். அதில் முக்கால்வாசி நாலே குடும்பத்தில். படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாம் அந்த நாலில் ஒன்றா? காலையில்தான் மீதியைப் படித்தேன். அதே மனநோய் அதே அளவுக்குத் தலைமுறையாக ஓடிய வேறு குடும்பங்களில் ஒரு தற்கொலைகூட இல்லையாம். அந்த ஒரு வரியை நான் பலதடவை படித்தேன்.

லித்தியம் ஆரம்பித்தார்கள். இந்த நோய்க்கு உதவும் என்று 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் கண்டறிந்த பழைய மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்கு நல்ல பெயர். தொல்லை என்னவென்றால் ரத்தத்தில் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டு, கிட்னி எல்லாம் பார்ப்பார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்கக்கூடாது.

மருந்து பிடிக்கும் முன்னால் ஒரு சரிவு வந்தது. ராத்திரி இரண்டு மணி. திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தான். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கொடுத்ததாகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அப்படி ஆகாது, நேராகவே கேளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டேன்.

"சாவணும்ணு தோணுதா மக்களே?"

"தோணுது. நேத்தும் தோணிச்சு."

கை நடுங்கியது. தம்பியிடம் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. 14416-ஐ அடித்தேன். டெலிமானஸ், மனநல உதவிக்கான அரசாங்க நம்பர், காசு கிடையாது, ராத்திரியும் எடுக்கிறார்கள். தமிழில் பேசினார் ஒரு பெண். முதலில் என்னிடம், அப்புறம் அவனிடம். வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும் என்றார். பூட்டினேன். விடியும்வரை இரண்டு பேரும் திண்ணையில் இருந்தோம். நான் அவனுக்கு ஆர்மோனியக் கதையைச் சொன்னேன். "வண்டி மோதலையா?" என்றான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கு மட்டும் இல்ல" என்றான்.

இப்போது ஒன்பது மாதம். அரியர் இரண்டு எழுதியிருக்கிறான். தூக்கத்துக்கு நேரம் உண்டு, பத்தரைக்கு போன் என் கையில் வந்துவிடும். அதில் தினமும் சண்டை. சரி, சண்டை போடட்டும்.

போன மாதம் மூத்தவளுக்குக் குழித்துறைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணோட தம்பிக்கு என்ன என்று மாப்பிள்ளையின் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். மனைவி என் காலை மிதித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஊளம்பாறை உட்பட. டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரமாகப் போன் இல்லை. மனைவி என்னோடு நாலு நாள் பேசவில்லை.

மகள்தான் கேட்டாள். "அவங்க வீட்டுல என்னென்ன உண்டுன்னு நீங்க கேட்டீங்களாப்பா?"

கேட்கவில்லை. சுகர் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.