ஷ்லெஃப் நகரில் ஒரு ஜூலை

ஜூலை 3

ரிப்போர்ட் தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்துதான் வர வேண்டுமாம். மூன்று வாரம் ஆகலாம் என்றார் டாக்டர். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் போர்டிகோ தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதே பழக்கம். வண்டியில் ஏறும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூலை 4

வெயில் 45 டிகிரி. மாலை 6 மணிக்குப் படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட முடியவில்லை.

கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. தெனெஸ் துறைமுகம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் வடக்கே தஹ்ரா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது, தெற்கே வார்செனிஸ். இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும் ஒடுங்கிய சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்ச உயரத்தில் இந்த ஊர். கடற்காற்று தஹ்ராவைத் தாண்டுவதில்லை. சகாரா பக்கமிருந்து வரும் ஷெஹிலி காற்றுக்கு மட்டும் எப்படியோ வழி கிடைத்துவிடுகிறது. வடக்கு அல்ஜீரியாவில் இவ்வளவு சுடும் ஊர்கள் குறைவு.

இவர் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். சாப்பாடு வேண்டாம் என்கிறார். தயிர் சாதம் மட்டும் ஒரு கரண்டி இறங்கியது.

ஜூலை 5

சுதந்திர தினம். தெரு முழுக்கக் கொடி. இரவு பட்டாசு வெடிக்க ஆரம்பித்ததும் எதிர்வீட்டு ஹாஜ்ஜா வந்து எங்கள் வாசல் நிலைப்படியில் நின்றுகொண்டார். பயமா என்று கேட்டேன். பயமில்லை, சும்மா என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

கையில் ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்திருந்தார். ஓய்வூதியத்துக்கு ஏதோ காகிதம் கேட்டிருக்கிறார்களாம், இவர் படித்துச் சொல்வாரா என்று. உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிறப்புச் சான்றிதழில் ஊர்ப்பெயர் ஒர்லியான்வில். கல்யாணக் கையேட்டில் எல் அஸ்னாம். இப்போதைய அடையாள அட்டையில் ஷ்லெஃப். மூன்றும் இதே ஊர்தான். 1843-இல் பிரெஞ்சுத் தளபதி புஜோ இங்கே ராணுவ முகாம் போட்டு ஊராக்கியபோது, முந்தைய ஆண்டு வண்டி விபத்தில் இறந்த ஒர்லியான் இளவரசனின் பெயரை வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எல் அஸ்னாம் என்ற பழைய பெயர் திரும்பியது. 1980 நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஷெலிஃப் ஆற்றின் பெயரே ஊருக்கும் வந்தது.

மூன்று காகிதங்களையும் ஹாஜ்ஜா அதே வரிசையில் உறைக்குள் வைத்தார். அதில் இன்னும் இரண்டு காகிதங்கள் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கவில்லை.

ஜூலை 8

போன் அடித்தது. ஏதோ விளம்பரம்.

ஜூலை 9

படுக்கையறைத் தூணில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சாய்வாக ஒரு விரிசல். போன மாதம் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. இவர் படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டுப் பூச்சு விரிசல்தான் என்கிறார். பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். எழுதினேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். இந்த மாதத்தில் அவர் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான்.

1954 செப்டம்பர் 9, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஊர் இடிந்தது, சுற்று வட்டாரத்தில் 1,200 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கடுத்த வருடமே நிலநடுக்கத்தைத் தாங்கும்படி எப்படிக் கட்டுவது என்று பிரெஞ்சுப் பொறியாளர்கள் ஏஎஸ் 55 என்ற பரிந்துரைகளைக் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணமே இந்த ஊர்தான். புதிதாகக் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். 1980 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை மதியம் 1.25. ரிக்டர் 7-க்கு மேல். அரசுக் கணக்கிலேயே 2,600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். விழுந்தவற்றில் பல, 54-க்குப் பிறகு கட்டியவை. அன்-நஸ்ர் என்ற பெரிய குடியிருப்பு மொத்தமாக உட்கார்ந்துவிட்டது.

ஏன் என்று இவர் விளக்கியது இது. ஈரம் ஏறாமல் இருக்கவும் குழாய்களைக் கொண்டுபோகவும் தரைத்தளத்துக்குக் கீழே ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வெற்றிடம் விடுவார்கள். அதைத் தாங்குவது முழங்கால் உயர, இடுப்பு உயரக் குட்டைத் தூண்கள். மேல்மாடித் தூண்கள் உயரமானவை, கொஞ்சம் வளைந்துகொடுக்கும். குட்டைத் தூண் வளையாது. பூமி பக்கவாட்டில் இழுக்கும்போது முழு விசையும் அந்தக் குட்டைத் தூணில்தான் வந்து விழும். குறுக்கே பெருக்கல் குறி போல வெடித்து நொறுங்கும். மேலே நான்கு மாடியும் கண்ணாடிகூட உடையாமல் நிற்க, மொத்தக் கட்டடமும் ஒரு மீட்டர் கீழே இறங்கி ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

"வலுவாக இருக்கட்டும் என்று குட்டையாக வைத்தார்கள்" என்றார். சொல்லும்போது குரல் கம்மியது. அவர் இறந்தவர்களை நினைத்துத்தான் வருந்துகிறார், எனக்குத் தெரியும். 1981-இல் அல்ஜீரியா தனக்கென்று விதிகள் எழுதியது. 2003-இல் பூமெர்தெஸில் பூமி குலுங்கிய பிறகு அதையும் திருத்தினார்கள்.

எங்கள் கட்டடம் எந்த வருடத்தது என்று கேட்டேன். தூங்கு என்றார்.

ஜூலை 11

விரிசல் அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை பார்த்தேன்.

ஜூலை 12

ஹாஜ்ஜா ஒரு தட்டு அத்திப்பழம் கொடுத்தனுப்பினார். இவர் இரண்டு சாப்பிட்டார்! தஹ்ரா மலை அத்தி. தோலோடு தின்னலாம்.

இன்று நல்ல நாள். மாலையில் கட்டம் போட்ட நோட்டு எடுத்து, இந்த ஊரில் கிடைத்த ஒரு பழைய தரை ஓவியத்தை வரைந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் 1843-இல் இங்கே தோண்டியபோது அடியில் காஸ்டெல்லும் திங்கிதானும் என்ற ரோமானிய ஊர் இருந்தது. அதில் 324-ஆம் ஆண்டில் அடிக்கல் வைத்த ஒரு பசிலிக்கா, அதாவது தேவாலயம். 475-இல் இறந்த ரெபராத்துஸ் என்ற ஆயரின் கல்லறை அதில் இருப்பதால் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். தரையில் சின்னச் சின்னக் கற்கள் பதித்த ஒரு புதிர்ப்பாதை. பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் இருக்கும். தேவாலயத் தரைகளில் தெரியவந்த புதிர்ப்பாதைகளில் இதைவிடப் பழையது கிடையாது. முட்டுச்சந்து இல்லை, ஒரே பாதை, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய்ச் சேரும்.

நடுவில்தான் விசேஷம். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. மையத்தில் எஸ். அதன் நான்கு பக்கமும் ஏ. அதற்கு வெளியே என். இப்படியே மூலை வரை போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் "சாங்க்தா எக்லேசியா", புனிதச் சபை, என்றே வரும். நான் எழுத்துகளை நிரப்ப நிரப்ப இவர் உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மையத்திலிருந்து ஒரு மூலைக்கு மட்டும் 924 வழி. நான்கு மூலைக்கும் 3,696. எல்லா வழியும் அதே இரண்டு சொல்லில் முடிகிறது. இதைப் பதித்தவன் எத்தனை நாள் முழங்காலில் உட்கார்ந்திருப்பான்!

ஓவியம் இப்போது இந்த ஊரில் இல்லை. அல்ஜியர்ஸில் திரு இருதயப் பேராலயத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாமே அல்ஜியர்ஸுக்குப் போய்விடுகிறது.

ஜூலை 13

ராத்திரி காய்ச்சல். 39.

ஜூலை 14

தூக்கமில்லை. படிக்கக் கூடாததைப் படித்துவிட்டேன்.

1845-இல் தஹ்ராவில் பூ மாஸா என்ற இளைஞன் தலைமையில் கிளர்ச்சி. ஜூன் மாதம் ஊலெத் ரியாஹ் குடிமக்கள் ஆணும் பெண்ணும் குழந்தையும் ஆடுமாடுமாகக் குகைக்குள் ஒளிந்தார்கள். கர்னல் பெலிசியே வாசலில் தீ மூட்டச் சொன்னான். உள்ளே போன புகையில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். பாரிஸில் பத்திரிகைகளும் மேலவையும் கொதித்தன. அடுத்து ஆகஸ்டில், இதே ஒர்லியான்வில்லில் அதிகாரியாக இருந்த செந்த்-ஆர்னோ, ஸ்பேஹா மக்கள் ஒளிந்த குகையின் வாய்களை அடைத்துவிட்டான். சத்தமில்லாமல். உள்ளே ஐநூறு பேர் என்று தன் தம்பிக்குக் கடிதம் எழுதினான். பின்னாளில் அவன் பிரான்சின் போர் அமைச்சராகி மார்ஷலும் ஆனான்.

அந்த மலைதான் எங்கள் சமையலறை ஜன்னலில் தெரிவது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் காபி போடுகிறேன். இன்று திரையை இழுத்துவிட்டேன். ஹாஜ்ஜாவிடம் கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவருடைய அம்மா அந்தப் பக்கத்து ஊர்க்காரி.

அக்கா போன் செய்தாள். வெயில்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 16

போன் இல்லை.

ஜூலை 17

காய்ச்சல் விட்டது. ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். ஏழு மணிக்கு மேல் டாக்ஸி பிடித்துப் போனோம். ஷெலிஃப், அல்ஜீரியாவின் மிக நீளமான ஆறு, 700 கிலோமீட்டர். சகாரா அட்லஸில் புறப்பட்டு மேடெல்லாம் தாண்டி மேற்கே திரும்பி, இந்த ஊர் வழியாகப் போய் மொஸ்தகனெம் பக்கம் கடலில் விழுகிறது. ஜூலையில் பார்த்தால் நம்ப முடியாது. செம்மண் கரைக்கு நடுவே பால் காபி நிறத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு கொக்கு.

80 நிலநடுக்கத்தில் ஊருக்குக் கிழக்கே நிலப்பிளவின் ஒரு பக்கம் மேலே எழும்பியது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம், சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டி. ஆப்பிரிக்கத் தட்டு ஐரோப்பாவை நோக்கி நெருக்கிக்கொண்டே இருப்பதால் வரும் மடிப்பு அது. ஆற்றின் படுகையே உயர்ந்துவிட, தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி வயல்களில் ஏரியாக நின்றது. பிறகு நிலவியலாளர்கள் அங்கே குழி வெட்டிப் பார்த்தால், கீழே அதே மாதிரி பழைய வண்டல் அடுக்குகள். முன்பும் பலமுறை பூமி எழும்பி ஆறு ஏரியாகியிருக்கிறது. ரோமானியரோ பிரெஞ்சுக்காரரோ அதைத் தெரிந்து இங்கே வரவில்லை. தண்ணீரும் நல்ல மண்ணும் அல்ஜியர்ஸ்–ஓரான் பாதையில் ஏறக்குறைய நட்டநடுவும்தான் அவர்கள் கண்ணில் பட்டன. ஆரஞ்சுத் தோப்பு போட்ட ஒவ்வொருவரும் இந்த மண்ணுக்காகத்தான் வந்தார்கள், அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது இந்த ஆறு.

தெரிந்த பிறகும் போகவில்லையே என்றேன். எங்கே போவார்கள் என்றார்.

ஜூலை 19

டாக்ஸிக்காரருக்கு ஊர்க் கால்பந்து அணி ஏஎஸ்ஓ ஷ்லெஃப் என்றால் உயிர். 2005-இல் கோப்பை, 2011-இல் லீக் பட்டம், 2023-இல் மறுபடி கோப்பை, எல்லாம் தேதியோடு சொன்னார். சிவப்பு வெள்ளைத் துண்டு கண்ணாடியில் தொங்கியது. அவர் பிறந்தது "ஷலே"யில். 80-க்குப் பிறகு தற்காலிகமாக நிறுத்திய பலகை வீடுகளுக்கு இங்கே அப்படிப் பெயர். தற்காலிகம் என்றது பிள்ளைகள் பெரியவர்களாகி அவர்களுக்குப் பிள்ளை பிறக்கும்வரை நீண்டது. கோடையில் அடுப்பு, மழையில் ஒழுகல். மாற்றிக் கட்டித் தரும் உதவித்தொகை பற்றிய தகராறில் 2008 ஏப்ரலில் ஊரே கொந்தளித்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது. காத்திருந்து காத்திருந்து கடைசியில் கத்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜூலை 20

விரிசல். அரை விரல் கடை தாண்டிவிட்டதோ? இவர் அளந்துவிட்டு இல்லை என்கிறார். அவர் கண்ணாடி போடாமல் அளந்தார்.

ஜூலை 22

விடிகாலை 3 மணி சுமாருக்குக் கட்டில் ஆடியது. இரண்டு, மூன்று விநாடிதான். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எழுந்து கதவைத் திறந்தால் ஹாஜ்ஜா ஏற்கெனவே படிக்கட்டில். காலில் ஷூ, கழுத்தில் கயிற்றில் சாவி, கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. வருடக்கணக்காக ஷூவைக் கட்டிலருகே வாயைத் திறந்து வைத்துத்தான் படுப்பாராம், இருட்டில் கால் நுழைவதற்கு.

கீழே முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், யாரோ இவருக்கு நாற்காலி போட்டார்கள். ஹாஜ்ஜா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவர் ரொட்டி வாங்க வெளியே வந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் தூசி மட்டும். பையன்கள் இரண்டு பேரும் உள்ளே. உறையில் அன்றைக்கு அவர் வெளியே எடுக்காத இரண்டும் அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள்.

"எட்டாவது நாள்தான் கிடைத்தார்கள், பென்தி. அந்த எட்டு நாள்தான் பெரிது" என்றார். பென்தி என்றால் என் மகளே. கையை விடவில்லை. நானும் விடவில்லை.

ஜூலை 23

தூணைப் பார்க்கவில்லை.

ஜூலை 24

11.40-க்குப் போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் அல்ஜியர்ஸ் வர வேண்டுமாம், நாளைக்கே. நல்ல செய்தியாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா? இவர் ஒன்றும் கேட்கவில்லை, விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டார். 200 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். அதே டாக்ஸிக்காரர் வருகிறார். வெயிலுக்கு முன் கிளம்பலாம் என்று 4 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

நேரமிருந்தால் பேராலயத்துக்கும் போவோம் என்றார் இவர். கட்டம் போட்ட நோட்டைப் பையில் வைத்தாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். வைத்துவிட்டேன். சாவியை ஹாஜ்ஜாவிடம் கொடுக்க வேண்டும். பழைய ஸ்கேன் படங்களை இன்னும் எடுத்து வைக்கவில்லை, மருந்துச்சீட்டும்